அழித்த நண்டுப் படம்

அன்றைக்குக் காலையில் தோணி கட்டுகிற துறையில் இருந்தது ஐந்து பேர். நான், என் மனுசன், அவரோடு தோணியில் போன அவருடைய தம்பி, பாசிக்குடா ஹோட்டல்களுக்கு நண்டு ஏற்றுகிற ஐஸ்பெட்டி வியாபாரி, கருவாட்டுக்குச் சில்லறை மீன் வாங்க வந்து நின்ற மாமி. அவ்வளவுதான், ஆறாவது ஆள் இல்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பிறகு ஊரில் பாதிப்பேர் அங்கே நின்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மாதிரித்தான் கதைத்தார்கள்.

எங்கள் வியாபாரம் போனில்தான். மனுசன் வாவியில், ஊரில் ஆறு என்போம், வலை போடுவார், நான் விற்பேன். ஊர்ப் பெண்களுக்கென்று தையல்கடை அக்கா ஒரு வாட்ஸ்அப் குறூப் தொடங்கியிருந்தா. முதலில் சட்டை அளவும் கூலியும்தான் அதில் வந்தன. பிறகு கோயில் அறிவித்தல், கரண்ட் வெட்டு, ஆற்றங்கரையில் காணாமல்போன மாடு என்று எல்லாம் வந்து, கடைசியில் என் மீன் படமும் சேர்ந்துகொண்டது. நூற்றுப் பதினெட்டுப் பேர். டீச்சர்மார், ஒரு நேர்ஸ், வந்தாறுமூலைக் கம்பசில் வேலை செய்கிற பிள்ளைகள், எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை விட்டால் டீச்சர்மார் தங்களுக்குள் சிரிப்பார்கள் என்று பயம். அதனால் நான் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. முந்தநாள் போட்டதையே திருப்பி எடுத்து விலையை மட்டும் மாற்றுவேன். "ஆத்து நண்டு. கிலோ 1600. நல்ல சதை. கொஞ்சம்தான் இரிக்கி." அந்த வரி என் மகள் எனக்கு எழுதித் தந்தது. மூன்று வருசமாக அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

படம் எடுக்கும்போது நண்டுக்குப் பக்கத்தில் என் உள்ளங்கையை விரித்து வைப்பேன். அப்போதுதான் பருமன் தெரியும். ஊரில் என் முகத்தை மறந்தாலும் கையை மறக்கமாட்டார்கள். ரேகை எல்லாம் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் பாடம்.

துறையில் சிக்னல் இல்லை. அங்கே அனுப்பினால், இன்னும் போகவில்லை என்று படத்துக்குக் கீழே சின்ன மணிக்கூடு ஒன்று நிற்கும். சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டு வளைகிற வயிரவர் கோயில் முடக்குக்கு வந்ததும் சிக்னல் பிடித்து எல்லாம் தானாகப் போகும். அந்த நேரம் நானும் கோயிலடிக்கு வந்திருப்பேன், ஓடர் வந்து விழ விழ அப்படியே வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போகலாம். நேரம் மிச்சம். இதை நான் பெரிய கெட்டித்தனமாக நினைத்திருந்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான். துறையில் நின்று ஆறு மணிபோல அனுப்பினேன். மணிக்கூடு நின்றது. ஐஸ்பெட்டிக்காரர் விலை குறைத்துக் கேட்க என் மனுசன் இல்லையென்று தலையாட்ட, அந்த இழுபறி முடிந்து நான் கோயில் முடக்குக்கு வர அரைமணித்தியாலம் போய்விட்டது. போன் அடுத்தடுத்து நடுங்கியது. நல்ல வியாபாரம் என்று சந்தோசமாக இறங்கி நின்று பார்த்தேன்.

மரண அறிவித்தல். கம்பசில் கிளாக்காக வேலை செய்கிற, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளையின் அப்பா. காலை ஐந்து மணிக்கு முடிந்துவிட்டதாம். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அவருடைய படம், திருநீறு பூசி, சிரித்த முகம். அதற்குக் கீழே, அவருடைய நாடிக்கு நேர் கீழே, நான் கால் ஊன்றி நின்ற அந்த நிமிசத்தில் போய் விழுந்திருந்தது என் நண்டும் என் கையும். நல்ல சதை. கொஞ்சம்தான் இரிக்கி.

என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லி ஒரு வரி போடலாம்தான். ஆனால் அந்த வரியை மகள் எனக்கு எழுதித் தந்திருக்கவில்லையே. மன்னிப்பு என்று எழுதப்போய் அதிலும் பிழை வந்தால்? பெருவிரலை அழுத்திப் பிடித்து, எல்லாருக்கும் அழி என்பதைக் குத்தினேன். நண்டு போயிற்று. ஒரு மூச்சு விட்டேன்.

நண்டு போனது, இடம் போகவில்லை. மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி அங்கேயே நின்றது, என் பெயரோடு. அதற்குக் கீழே ஆழ்ந்த அனுதாபங்கள், கும்பிட்ட கைகள், ஆத்மசாந்தி என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. நூறு பேர் அனுதாபம் சொல்ல வந்து, நூறு பேரும் அந்த வரியைத் தாண்டித்தான் போனார்கள்.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் சொன்னேன். அவர் வலையில் சிக்கின பாசியை எடுத்துக்கொண்டே, அழித்ததுதான் பிழை என்றார். விட்டிருந்தால் நண்டென்றாவது தெரிந்திருக்கும், இனி ஆளுக்கொன்றை நினைப்பார்கள் என்றார். அவருக்கு போன் பாவிக்கவே தெரியாது. ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்தது.

பின்னேரம் செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அந்த மனிதர் என்னிடம் வாரம் தவறாமல் வாங்கினவர். அந்தத் தங்கச்சி குறூப்பில் ஓடர் போட, அவர் வாசல் படலையடியில் சுளகோடு நின்று நண்டை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடுப்பார். "பொம்பிளை நண்டாப் பாத்துத் தா புள்ள, ஆம்பிளையள நான் கண்ணாடியில பாக்கிறன்" என்று பகிடி விடுவார். உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். முறைப்படி நானும் போய் அந்தத் தங்கச்சியின் கையைப் பிடித்து அழவேண்டும். கால் போகவில்லை. கதவு நிலைக்குப் பக்கத்தில் பின்னுக்கு இருந்தேன். இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. அவர்கள் பந்தலுக்குக் கதிரை காணாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் எழும்பி வந்துவிட்டேன். கை பிடிக்காமல் வந்ததும் பிறகு கணக்கில் சேர்ந்தது.

மூன்று நாள் மரியாதைக்கு நான் ஒன்றும் போடவில்லை. நாலாம் நாள் இறால் படம் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்ப்பேன், திரும்பி வந்து போனைப் பார்ப்பேன். யார் யார் பார்த்தது என்று அழுத்திப் பார்த்தால் தெரியும்தானே. தொண்ணூறு பேர் பார்த்திருந்தார்கள். அந்தத் தொண்ணூறு பெயரையும் மேலிருந்து கீழாக வாசித்தேன். இந்த டீச்சர் பார்த்தும் பேசவில்லை, அப்போ அவவும் அந்தப் பக்கம். இந்தப் பிள்ளை போனவாரம் வாய் நிறைய அக்கா அக்கா என்றது, இன்றைக்குப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நேர்ஸ் எப்போதும் ஒரு பூவாவது போடுவா, அதுவும் இல்லை. எல்லாரையும் நான் இருந்த இடத்தில் இருந்தே தீர்ப்புச் சொல்லித் தள்ளிவைத்தேன். நேர்ஸுக்கு அந்தக் கிழமை முழுக்க இரவு வேலை, பகலில் நித்திரை என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் என்னைப் பற்றிச் செய்ததை நானும் அவர்களைப் பற்றிச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். அப்போது அது தெரியவில்லை. பயந்தவளுக்கு மற்றவர்கள் எல்லாம் நீதவான்கள்தான்.

அன்றைய இறாலையும் மறுநாள் நண்டையும் ஐஸ்பெட்டிக்காரரிடம் அவர் கேட்ட விலைக்கே கொடுத்தோம். இரண்டு நாள் கொடுக்கலாம், ஒரு மாதம் கொடுத்தால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. மகள் உயர்தரம் படிக்கிறாள். ரியூசன் காசு என் சைக்கிள் பெட்டியில் இருந்துதான் போகிறது.

என்ன பேசுகிறார்கள் என்று கருவாட்டு மாமிதான் வந்து சொன்னா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது, குறூப்பிலும் இல்லை. ஆனால் நடந்த இடத்தில் நின்றவ என்று ஊரில் அவவுக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. செத்தவர் வீட்டில் எனக்குக் காசு வரவேண்டி இருந்ததாம், அதை அந்த அறிவித்தலுக்குக் கீழேயே கேட்டு எழுதிவிட்டு, யாரோ பேசப்போகிறார்கள் என்று அழித்தேனாம். இதுதான் கதை.

நான் கேட்டேன், துறையில் நின்றீங்கதானே மாமி, நான் நண்டைத்தான் படமெடுத்தேன் என்று நீங்கள் சொல்லவில்லையா என்று.

"சொன்னன் புள்ள. கண்டதச் சொன்னன். கையில போனக் குத்து குத்தெண்டு குத்தினவள், மூஞ்சி புளி திண்ட மாதிரி இருந்திச்சி எண்டு சொன்னன்."

என் மூஞ்சி எப்போதும் அப்படித்தான். கிட்டப் பார்வை மங்கல், கண்ணாடி வாங்கவில்லை. போனைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியைச் சுருக்குவேன். அது கோபம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. இனி ஐஸ்பெட்டிக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால், அவர் அன்றைக்குக் கண்டது நண்டின் எடையை மட்டும்.

கதையில் இருந்த ஒரே உண்மை அந்தக் காசு. அது வரவேண்டித்தான் இருந்தது. மூவாயிரத்துத் தொளாயிரம் ரூபா. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, எப்படி வெளியில் போனதென்றும் தெரியாது. எங்கள் ஊரில் மீன் வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப்பேர் கடனுக்குத்தான் வாங்குவார்கள். ஆகவே யாருக்கும் அது பெரிய ஊகமில்லை.

தையல்கடை அக்காவிடம் போனேன். குறூப்புக்கு அவதானே பொறுப்பு. அவ ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தா. ஏறிட்டுப் பார்க்காமல் கேட்டா.

"அழிச்சதில என்ன புள்ள இருந்திச்சி?"

"நண்டுப் படம் அக்கா. விலையும்."

மெசின் நின்றது. "நண்டுப் படத்த ஆராவது அழிப்பாங்களா?"

"செத்தவருக்குக் கீழ போய் விழுந்திட்டு. வெக்கத்தில அழிச்சன்."

நம்பவேண்டும் என்று அவவுக்கு ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஊரில் ஓடுகிற கதை நான் சொன்னதைவிட நன்றாகத்தான் இருந்தது. அதில் கோபம் இருந்தது, காசு இருந்தது, செத்தவீடு இருந்தது. என்னுடைய கதையில் ஒரு நண்டு மட்டும்தான். குறூப்பில் நான் விளக்கம் எழுதட்டுமா என்று கேட்டேன். அவ யோசித்துவிட்டு, எட்டாம் நாள் முடியட்டும், செத்தவீட்டுக்காரரும் அதில் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் காசுக்கதை வேண்டாம் என்றா. நியாயம்தான்.

வீட்டில் மகளிடம் யோசனை கேட்டேன். போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறதே, அதைக் காட்டினால் என்ன என்றேன். அவள் படிக்கிற கொப்பியில் இருந்து தலையெடுத்தாள்.

"அம்மா, உங்கட போனில நண்டுப் படம் மட்டும் எண்ணூறு இரிக்கி. எல்லாத்திலயும் அதே கை. எந்த நண்டு சாட்சி சொல்லும்?"

எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கிழமையில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், கிளாக் தங்கச்சியின் ஸ்கூட்டி எங்கள் படலையில் நின்றது. வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய் இல்லை. நான் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கதை அவளுக்கும் போய்விட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஐந்து நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிவைத்திருந்த வார்த்தையை இன்னொருதரம் ஓட்டிப் பார்த்தேன்.

அவள் கதிரையில் இருந்தாள். எட்டாம் நாள் படையலுக்கு நண்டும் இறாலும் வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைப்பார்கள். மூன்று கிலோ நண்டு, இரண்டு கிலோ இறால். குறூப்பில் கேட்க ஒரு மாதிரி இருந்தது, அதுதான் நேரில் வந்தேன் என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, அண்டைக்கு நான் அழிச்சது..." என்று தொடங்கினேன்.

"நண்டுதானே அக்கா? நான் பாத்தன். முதல் பாத்தது நாந்தான்."

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பாவைக் குளிப்பாட்டப் போயிருந்தார்களாம். இவள் கட்டில் சட்டத்தில் போனோடு தனிய இருந்தாளாம், யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று பார்த்துக்கொண்டு. அப்போது அந்தப் படம் வந்து விழுந்ததாம்.

"அந்தப் பெரிய நண்டக் கண்டா அப்பா ரெண்டு கிலோ சொல்லு எண்டிருப்பார். சொல்லட்டா எண்டு எழும்பிட்டன் அக்கா, ஒரு செக்கன். மறுகாதான் நினைவு வந்திச்சி. திரும்பிப் பாக்க அதக் காணல்ல. ஏன் அழிச்சிங்க?"

வெட்கம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

நூற்றுப் பதினெட்டுப் பேரில் என்னை விடுவிக்கக்கூடிய ஒரே ஆள் என் வீட்டுக் கதிரையில் இருந்தாள். ஒரு வரி போதும். அக்கா போட்டது நண்டுப் படம், நான் கண்டேன் என்று அவள் எழுதினால் தொண்ணூறு பேரும் திரும்பி வருவார்கள். அவளே கேட்டாள், என் முகத்தில் என்ன கண்டாளோ, "ஏன் அக்கா, ஆராவது என்னமும் சொன்னாங்களா? நான் குறூப்பில சொல்லட்டா?"

அவளுக்கு அந்தக் கதை இன்னும் போய்ச் சேரவில்லை. செத்தவீட்டுக்காரருக்குக் கடைசியாகத்தான் எல்லாம் போகும். அவள் எழுதவேண்டுமென்றால் ஏன் எழுதவேண்டும் என்று நான் சொல்லவேண்டும். உன் அப்பா மீன்காரிக்குக் கடன் வைத்துவிட்டுச் செத்தார், அவள் பிரேதம் கிடக்கும்போதே கேட்டாள் என்று ஊர் ஆறு நாளாகப் பேசுகிறது என்று, எண்ணெய் இல்லாத அந்தத் தலையைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

"ஒண்டும் இல்ல தங்கச்சி. விடுங்க," என்றேன்.

இப்படிச் சொன்னதை நான் பெரிய மனசு என்று எழுதவில்லை. சொன்ன மறுநிமிசமே சீ, சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது. இன்றைக்கும் சில நாள் அப்படி இருக்கும்.

எழும்பும்போது அவளே கணக்கை எடுத்தாள். பழையது இருக்கிறதுதானே, எவ்வளவு என்று கேட்டாள். தொகையைச் சொன்னால் ஊர்க்கதை உண்மையாகிவிடும். வேண்டாம் என்றால், குற்றம் செய்தவள் வாயை மூடக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். மறந்துபோயிற்று என்று சொன்னேன். அவள் சிரித்தாள், அப்பாவின் அதே சிரிப்பு.

"நீங்க மறப்பீங்களா அக்கா? அப்பா கலண்டரில எழுதி வெச்சிரிக்கார். மூவாயிரத்தித் தொளாயிரம். நண்டக்கா எண்டு போட்டு."

எட்டாம் நாள் விடியப்புறம் மனுசன் பிடித்ததில் திறமானதையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண் நண்டாகத்தான். இந்தமுறை உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்தேன். முதல்நாள் அழவேண்டியதை அன்றைக்கு அழுதேன். பெண்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன நினைத்தார்களோ தெரியாது. பிந்தி அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருவரும் என்னிடம் வந்து பிழை விட்டுவிட்டோம் என்று சொல்லவில்லை. பத்தாம் நாள்போல ஒரு டீச்சர் அரைக் கிலோ இறால் கேட்டா. பிறகு நேர்ஸ் ஒரு பூவும் ஒரு கிலோவும் போட்டா. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக. கதை பிழையென்று தெரிந்து வந்தார்களா, ஐஸ் போட்ட மீன் தின்று அலுத்து வந்தார்களா, எனக்குத் தெரியாது. சிலர் இன்னும் வரவில்லை. அழித்த வரியும் இன்னும் அங்கேதான் நிற்கிறது, விரலால் தள்ளித் தள்ளி மேலே போனால். நான் இப்போது துறையில் நின்று அனுப்புவதில்லை. கோயில் முடக்கில் இறங்கி, முதலில் யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் படம் போடுகிறேன். கால்மணித்தியாலம் பிந்துகிறது, பரவாயில்லை.

அந்தத் தங்கச்சி வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக வாங்குகிறாள், தனி ஆள்தானே, கையோடு காசு தருகிறாள். படையலுக்கு வாங்கினதுதான் நிற்கிறது. மூன்று கிலோ நண்டு நாலாயிரத்து எண்ணூறு, இரண்டு கிலோ இறால் மூவாயிரத்து அறுநூறு, பழையது மூவாயிரத்துத் தொளாயிரம். அன்றைக்கே ஐயாயிரம் தந்தாள். மிச்சத்தை அப்பாவின் பென்சன் அலுவல் முடியத் தருகிறேன் என்றாள். அவளுக்கு மறந்திருக்கலாம், அலுவல் முடியாமலும் இருக்கலாம். அவள் ஒன்லைனில் நிற்பதைக் கண்டால் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். சும்மா சாப்பிட்டீங்களா என்று கேட்டாலும் காசுக்குத்தான் கேட்கிறாள் என்று தோன்றிவிடுமோ என்று பயம். மனுசன் கேட்கச் சொல்லி ஒன்றிரண்டு தரம் சொன்னார். நான் கேட்ட மறுநாள் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்கு விளங்காது. அவள் இதுவரைக்கும் அந்தக் கதையைக் கேள்விப்படவில்லை, நான் கேட்டால் அதற்கும் ஒரு வழி திறந்துவிடும். அதனால் கேட்கவில்லை. நிற்கிறது ஏழாயிரத்து முந்நூறு ரூபா.